பெட்டகத்தில் கிடக்கும் 60 லட்சம் தினார்

வாசகி கேள்வி: நானும் என் கணவரும் பதினெட்டு ஆண்டுகளாக டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் வசிக்கிறோம். ஈராக்கில் ஒப்பந்த வேலை பார்த்துத் திரும்பிய அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 2012-இல் என் கணவர் ஈராக் தினார் நோட்டுகளை வாங்கத் தொடங்கினார். 2019 வரை சிறுகச் சிறுக வாங்கியதில் இப்போது 60 லட்சம் தினார், எல்லாம் 25,000 தினார் நோட்டுகளாக, வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. மொத்தம் 6,600 டாலர் செலவானது. கும்பகோணத்தில் இருக்கும் என் தம்பி, நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது கையில் கொடுத்த ஒன்றரை லட்சம் ரூபாயும் இதில் அடக்கம். ஒரு தினார் மூன்று டாலரைத் தாண்டிவிடும், இந்த வாரம், அடுத்த வாரம் என்று பதின்மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓய்வூதியக் கணக்கிலிருந்து 20,000 டாலர் கடன் எடுத்து மேலும் வாங்கப்போவதாகச் சொல்கிறார். இது மோசடியா, உண்மையா? கையில் இருப்பதை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 20,000 டாலர் கடனை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்க வேண்டாம். 401-கே எனப்படும் நிறுவன ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுக்கும் கடன், நம் பணத்தை நாமே கைமாற்றாக வாங்குவதுபோல எளிதாகத் தோன்றும். கட்டும் வட்டியும் நம் கணக்குக்கே திரும்பி வருவதால் பலர் அதைக் கடன் என்றே நினைப்பதில்லை. ஆனால் உங்கள் கணவர் வேலையை விட்டாலோ, நிறுவனம் அவரை விடுவித்தாலோ, மீதியுள்ள தொகையை அந்த ஆண்டின் வருமான வரி அறிக்கைக்கான கெடுவுக்குள் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். கட்ட முடியாமற்போனால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். அவருக்கு வயது ஐம்பத்தொன்பதரை ஆகவில்லை என்றால் பெரும்பாலும் 10 சதவீத அபராத வரியும் சேரும். எண்ணெய் விலை இறங்கும்போது ஆட்குறைப்பு எத்தனை வேகமாக வரும் என்பதை ஹூஸ்டனில் வசிப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மோசடியா, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பெட்டகத்தில் இருக்கும் 240 நோட்டுகள் அநேகமாக உண்மையானவை. ஈராக் உண்மையான நாடு. அதன் எண்ணெய் வளமும் உண்மை. அதன் மத்திய வங்கி தினாரின் மதிப்பை அவ்வப்போது மாற்றுவதும் உண்மை. இத்தனை உண்மைகளுக்கு நடுவே ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது: ஒரு தினாருக்கு மூன்று டாலர் கிடைக்கும் என்பது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் உங்கள் கணவர் எப்போதோ விலகியிருப்பார். தேடிப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஓர் உண்மை கைக்குத் தட்டுப்படுவதால்தான் இந்த நம்பிக்கை பதின்மூன்று ஆண்டுகள் தாங்கியிருக்கிறது.

மூன்று டாலர் என்ற எண்ணும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டன் ஈராக்கைக் கைப்பற்றியதிலிருந்து 1932 வரை அங்கே புழங்கியது நம் இந்திய ரூபாய். அந்த ஆண்டில்தான் தினார் வந்தது. ஒரு தினாருக்கு ஒரு பிரிட்டிஷ் பவுண்டு, அல்லது பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். பின்னர் டாலரோடு இணைக்கப்பட்டபோதும் அதன் அதிகாரபூர்வ மதிப்பு 1980-கள் முழுவதும் மூன்று டாலருக்கு மேல்தான் இருந்தது. 1990-இல் குவைத் மீதான படையெடுப்பும், அதைத் தொடர்ந்த ஐ.நா. தடைகளும், அரசு செலவுக்குத் தோன்றியபோதெல்லாம் உள்நாட்டிலேயே நோட்டு அடித்துத் தள்ளியதும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே சந்தையில் ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கான தினார் என்ற நிலையை உண்டாக்கின. 2003 அக்டோபர் முதல் 2004 ஜனவரி வரை பழைய நோட்டுகளை வாங்கிக்கொண்டு புதிய நோட்டுகள் கொடுக்கப்பட்டன. உங்களிடம் இருப்பவை இந்த வரிசையைச் சேர்ந்தவை. அன்றைய படைவீரர்களும் ஒப்பந்த ஊழியர்களும் அவற்றைக் கட்டுக்கட்டாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது, “போருக்கு முன் இதற்கு மூன்று டாலர்” என்ற நினைவும் கூடவே வந்தது. உங்கள் கணவரின் நண்பர் சொன்னது அந்தக் கதைதான்.

இங்கே உங்கள் கணவருக்குச் சாதகமான ஒரு செய்தியையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக நடந்துகொண்டதாகாது. தினாரை நம்பி வைத்திருந்தவர்கள் உண்மையிலேயே பலனடைந்த சம்பவம் ஒன்று உண்டு. 1990-க்கு முந்தைய நோட்டுகளை மக்கள் சுவிஸ் தினார் என்று அழைத்தார்கள். 1993-இல் சதாம் அரசு பழைய 25 தினார் நோட்டு செல்லாது என்று அறிவித்து மாற்றிக்கொள்ளச் சில வாரங்களே அவகாசம் கொடுத்தது. பாக்தாதின் கட்டுப்பாட்டில் இல்லாத வடக்குக் குர்து பகுதியினரால் மாற்ற முடியவில்லை. ஆகவே அந்த நோட்டுகள் அங்கேயே புழக்கத்தில் தங்கிவிட்டன; அவற்றுக்குப் பொறுப்பேற்க எந்த அரசும் இல்லை. விந்தை என்னவென்றால், தெற்கே அரசு அடித்த நோட்டு மதிப்பிழந்துகொண்டே போக, கேட்பாரற்ற இந்தக் கிழிந்த நோட்டு தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது; 2002-லும் 2003 தொடக்கத்திலும், சதாம் ஆட்சி விழும், அடுத்து வரும் அரசு இதை ஏற்கும் என்ற எதிர்பார்ப்பு வலுக்க வலுக்க, டாலருக்கு எதிராக ஏறவும் செய்தது. எதிர்பார்த்தபடியே, ஒரு சுவிஸ் தினாருக்கு 150 புதிய தினார் கொடுக்கப்பட்டது. வெறும் எதிர்பார்ப்பு ஒரு நோட்டின் விலையை ஏற்ற முடியுமா என்றால், முடியும். ஆனால் அந்த நோட்டை மேலும் அச்சிட யாராலும் முடியாது. புழக்கத்தில் இருந்தது ஓர் அளவோடு நின்றுவிட்டது. பின்னால் வந்த அரசுக்கு அதை ஏற்பது தாங்கக்கூடிய செலவாகவே இருந்தது.

இன்றைய தினாரை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். இப்போது புழக்கத்தில் விடப்பட்டுள்ள ஈராக் நோட்டுகளின் மொத்தம் ஏறத்தாழ 100 லட்சம் கோடி தினார். ஒவ்வொன்றும் மூன்று டாலர் என்றால் ஈராக் மத்திய வங்கி கொடுக்க வேண்டியது 300 லட்சம் கோடி டாலர். 2023-இல் உலக நாடுகள் அனைத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தியே 105 லட்சம் கோடி டாலர் அளவுதான். அமெரிக்காவுடையது சுமார் 27 லட்சம் கோடி. அதாவது உலகம் முழுவதும் மூன்று ஆண்டுகள் உழைத்து ஈட்டுவதை ஏறத்தாழ அப்படியே பாக்தாதில் கொண்டுபோய்க் கொட்டினால்தான் நோட்டு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பட்டுவாடா செய்து முடியும். சரி, மூன்று டாலர் வேண்டாம், பத்து சென்ட் போதும் என்று உங்கள் கணவர் இறங்கி வருவார். பலர் அப்படி இறங்கி வந்திருக்கிறார்கள். அப்போதும் தேவை 10 லட்சம் கோடி டாலர். ஈராக்கின் ஓராண்டு மொத்த உற்பத்தியோ 25,000 கோடி டாலர் அளவு. மத்திய வங்கியின் கையிருப்பு 10,000 கோடி டாலர் சுற்றி இருக்கிறது. இந்தக் கையிருப்போடு ஒத்துப்போகும் மதிப்பு எது என்று தேடினால், இன்று அதிகாரபூர்வமாக இருக்கும் டாலருக்கு 1,310 தினார் என்பதன் பக்கத்தில்தான் வந்து நிற்போம். யாரோ வேண்டுமென்றே தினாரை அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

“குவைத் தினார் மூன்று டாலருக்கு மேல் இருக்கிறதே, ஈராக்கில் எண்ணெய் இல்லையா?” என்று அவர் கேட்கக்கூடும். ஒரு நாணயத்தின் ஓரலகு மதிப்பு அந்த நாட்டின் செல்வத்தைக் காட்டுவதில்லை. எண்ணெய் வளம் இல்லாத ஜோர்டானின் தினார் 1.41 டாலர், பணக்கார நாடான ஜப்பானின் யென்னோ ஒரு டாலருக்கு நூற்றுக்கும் மேல் கிடைக்கிறது. குவைத் பற்றி இன்னொரு கதையும் உலவுகிறது: படையெடுப்பின்போது தரைமட்ட விலைக்கு விழுந்த குவைத் தினாரை வாங்கிவைத்தவர்கள் விடுதலைக்குப் பின் கோடீஸ்வரர்கள் ஆனார்களாம். நடந்தது வேறு. ஈராக் ஆக்கிரமிப்புக்குள் குவைத்தின் பணம் சில மாதங்கள் செல்லாமல் இருந்தது; 1991 மார்ச்சில் திரும்பி வந்த அரசு புதிய நோட்டுகளை வெளியிட்டுப் பழைய மதிப்பிலேயே தொடர்ந்தது; ஈராக் படைகள் திருடிச்சென்ற நோட்டுகளைச் செல்லாதவை என அறிவித்தது. நோட்டுகளின் எண்ணிக்கையும் வரிசை எண்களும் கையில் இருந்த ஒரு சின்ன நாடு தன் பழைய நிலைக்குத் திரும்பியதை, நூறு லட்சம் கோடி தினாருக்கு நோட்டு அச்சிட்டுவிட்ட நாட்டுக்கு முன்மாதிரியாகச் சொல்வது பொருந்தாது.

மூன்று பூஜ்யங்களை நீக்கப்போகிறார்கள் என்ற செய்தியும் உங்கள் வீட்டில் அடிக்கடி கேட்டிருக்கும். ஈராக் மத்திய வங்கி அப்படி ஒரு திட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது, தள்ளியும் போட்டு வருகிறது. அது நடந்தால் உங்கள் 60 லட்சம் பழைய தினார் 6,000 புதிய தினாராக மாறும். பாக்தாதில் 1,000 தினாருக்கு விற்ற ரொட்டி ஒரு புதிய தினாருக்கு விற்கும். துருக்கி 2005-இல் ஆறு பூஜ்யங்களை நீக்கி, பத்து லட்சம் பழைய லிராவை ஒரு புதிய லிராவாக்கியபோது யாரும் பணக்காரர் ஆகவில்லை, யாரும் ஏழையாகவும் இல்லை. தினார் வதந்தியைப் பரப்புவோர் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: உள்நாட்டவருக்குத்தான் பூஜ்யம் நீக்கம், வெளிநாட்டில் நோட்டு வைத்திருப்பவருக்கு மறுமதிப்பீடு, அதாவது மதிப்பு உயர்வு, என்பார்கள். தன் குடிமக்களுக்கு இல்லாத வரத்தை ஹூஸ்டன்வாசிக்கு ஓர் அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம்விட உங்கள் கணவர் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் காத்திருக்கும் மறுமதிப்பீடு ஒரு முறை உண்மையாகவே நடந்துவிட்டது. ஈராக் அரசின் வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் எண்ணெயிலிருந்து டாலராக வருகிறது. அந்த டாலரை மத்திய வங்கியிடம் கொடுத்துத் தினாராக மாற்றித்தான் அரசு ஊழியர் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கிறார்கள். தினாரின் மதிப்பை உயர்த்தினால் அதே எண்ணெய்க்கு அரசுக்குக் குறைந்த தினார் கிடைக்கும்; சம்பளப் பட்டியலோ குறையாது. கொரோனா காலத்தில் எண்ணெய் விலை சரிந்து சம்பளம் கொடுக்கவே திண்டாடியபோது, 2020 டிசம்பரில், டாலருக்கு 1,190 ஆக இருந்த மதிப்பை 1,460-க்கு இறக்கினார்கள். உங்கள் பெட்டகத்தில் இருந்தது அந்த ஒரு நாளில் அதிகாரபூர்வக் கணக்கிலேயே 900 டாலருக்கு மேல் இழந்தது. பிறகு டாலர் பரிமாற்றத்தில் அமெரிக்கா விதித்த கடுமையான நிபந்தனைகளால் சந்தையில் டாலர் தட்டுப்பாடு ஏற்பட்டு விலைவாசி ஏற, 2023 பிப்ரவரியில் மதிப்பை உயர்த்தி 1,310-க்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம், காகிதத்தில், சுமார் 470 டாலர். முந்தைய இழப்பில் பாதிதான் அது. இன்று அந்த 60 லட்சத்தின் அதிகாரபூர்வ மதிப்பு சுமார் 4,580 டாலர். ஒரு நாடு தன் நாணயத்தை மறுமதிப்பீடு செய்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு இதுதான் நேர்சாட்சி: பத்து சதவீதம் இங்கே, இருபது சதவீதம் அங்கே, அதுவும் உள்நாட்டு ரொட்டி விலைக்காகவும் சம்பளத்துக்காகவும்.

இந்த வதந்தி ஏன் சாவதில்லை என்றால், அது பொய் என்று முடிவாகும் நாள் வருவதே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் சொல்லப்படும். அது கடந்தபின் ஒரு காரணம் சொல்லப்படும். குவைத் தொடர்பான சில பொறுப்புகளை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2013-இல் தளர்த்தியபோதும், குவைத் படையெடுப்புக்கான 5,240 கோடி டாலர் இழப்பீட்டை ஈராக் கட்டி முடித்த கணக்கை 2022-இல் மூடியபோதும், “கடைசித் தடை நீங்கியது” என்றார்கள். வங்கி ஊழியர்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அதனால்தான் கேட்டால் மறுக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். மறுப்பே சாட்சியாகிவிட்ட பிறகு எதைச் சொல்லி மறுப்பது? தமிழ்நாட்டில் இரிடியம் கலசத்தின் பேரில் ஏமாற்றுகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து வந்த பெருந்தொகை ரிசர்வ் வங்கியில் தேங்கிக் கிடக்கிறது, விடுவிக்கக் கொஞ்சம் செலவாகும் என்று இதே ராகத்தைத்தான் பாடுகிறார்கள். உங்கள் தம்பிக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும்.

வதந்தியால் சம்பாதித்தவர்கள் யார் என்பதற்கு நீதிமன்றத்தில் விடை இருக்கிறது. அட்லாண்டாவில் இயங்கிய ஸ்டெர்லிங் கரன்சி குரூப் என்ற நிறுவனம் 2010 முதல் 2015 வரை தினார் உள்ளிட்ட நோட்டுகளை 60 கோடி டாலருக்கு மேல் விற்றது. மறுமதிப்பீடு நெருங்கிவிட்டது என்று இணையத்தில் பேசி வந்தவருக்கு அந்த நிறுவனமே பணம் கொடுத்து வந்ததும், நோட்டை மாற்றிக்கொள்ள விமான நிலையங்களில் மையங்கள் திறக்கப்போவதாகப் பொய் சொன்னதும் வழக்கில் வெளிவந்தன. 2018-இல் அதன் பொறுப்பாளர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. உங்கள் கணவர் நம்பிக் கேட்கும் இணையக் குரல்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டு விற்பவருக்கு லாபம், தினார் ஏறுவதால் வருவதில்லை, ஏறும் என்ற பேச்சால் வருகிறது. சந்தேகம் இருந்தால் அந்தக் குரலுக்குரியவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இன்றைய அதிகாரபூர்வ மதிப்பைவிட ஐந்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்து என் நோட்டுகளை நீங்களே வாங்கிக்கொள்வீர்களா?

பணக்கணக்கில் உங்கள் இழப்பு சுமார் 2,000 டாலர், விற்கும்போது இன்னும் கொஞ்சம். பதினெட்டு ஆண்டு உழைப்பில் இது குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகையல்ல. நான் கவலைப்படுவது கடிதத்தில் எழுதாமல் விட்டதைப் பற்றி. என்னிடம் ஆலோசனைக்கு வந்த இப்படிப்பட்ட குடும்பங்களில் ஆயுள் காப்பீடு எடுத்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளின் கல்லூரிச் சேமிப்பைத் தொடங்கியிருக்க மாட்டார்கள், வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்த 2020, 2021-ஐக் கோட்டை விட்டிருப்பார்கள். கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “அது வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.” நீங்களும் அவரும் உட்கார்ந்து, 2012 முதல் இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போட்டவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். தினாரைப் பற்றி வாதாட வேண்டாம். அதில் அவருக்குப் பதின்மூன்று ஆண்டுப் பயிற்சி இருக்கிறது, நீங்கள் வெல்ல மாட்டீர்கள். அவரைக் கேலி செய்யவும் வேண்டாம், அதுவும் பிள்ளைகள் முன்னால். குடும்பத்துக்கு நல்லது வரும் என்றுதான் வாங்கினார். தள்ளிப்போட்ட பட்டியலில் முதல் இரண்டை, தினார் பெட்டகத்திலேயே இருக்கும்போதே, இந்த ஆண்டு செய்து முடிப்பது என்ற உடன்பாட்டுக்கு அவரை அழைத்துவாருங்கள். நோட்டை விற்கச் சொல்வதைவிட அது எளிது.

விற்க முன்வந்தால், வங்கியை நம்பியிருக்க வேண்டாம். அமெரிக்க வங்கிகளில் பெரும்பாலானவை தினாரை வாங்குவதில்லை. நோட்டு வணிகர் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். அதிகாரபூர்வ மதிப்பைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். அதில் அதிர்ச்சியடைய வேண்டாம். அமெரிக்கக் கருவூலத்தில் பணச்சேவை நிறுவனமாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள், ஆனால் அந்தப் பதிவு நேர்மைக்கான நற்சான்று அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். மாற்றுவதற்கு முன்பதிவு, முன்கட்டணம் என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாங்கிய ரசீதுகளை வரிக் கணக்காளரிடம் கொடுத்து, இழப்பை எப்படிக் காட்டலாம் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எதற்கும் இதே கதையைச் சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிடும் யோசனை வந்தால், அட்லாண்டாக்காரர்கள் செய்ததும் அதுவே என்று அவருக்கு நினைவூட்டுங்கள்.

இனி உங்கள் தம்பியின் பணம். இந்தியாவில் வசிப்பவர், விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் அயல்நாட்டு நோட்டு வாங்கிவைப்பதை அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அனுமதி பெற்ற வணிகரிடம், பயணம் போன்ற குறிப்பிட்ட தேவைக்குத்தான் வாங்கலாம். அவர் உங்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்து, நீங்கள் இங்கே வாங்கியது ஒழுங்கான வழியல்ல. ஆகவே அவர் பங்கு நோட்டை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். தினாரில் வந்த இழப்பை அவர் தலையில் ஏற்றுவதும் சரியல்ல. அவர் நம்பியது தினாரை அல்ல, அக்காவையும் அத்தானையும். ஒன்றரை லட்சத்தையும் நீங்கள் பட்ட கடனாக எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். உடன்பிறந்தவரிடமிருந்து வரும் தொகைக்கு இந்திய வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு; இந்த அளவுக்கு அமெரிக்காவில் நன்கொடை வரி அறிக்கையும் தேவைப்படாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் கணவரையே தம்பியிடம் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.